எந்தக் கதவு வழியே

சோபாவை நகர்த்தியபோதுதான் தெரிந்தது
இந்தத் தரை வந்த நாளில் என்ன நிறமென்று.
பழுத்த பப்பாளி.
மற்ற இடமெல்லாம் நேற்று வைத்த காபி.

மெக்சிகோவில் எங்கோ சுட்ட மண் ஓடுகள்.
முன்பு லாஸ் க்ரூசெஸில் இந்த வீட்டிலிருந்தவர்கள்
பூசியது மூன்று பூச்சு,
நாங்கள் நான்கு.
அழுக்கின் மேலேயே, அவசரத்தில்,
விருந்தாளி வரும் முந்தின நாள்.

கரைப்பானை ஊற்றி இருபது நிமிடம் விட்டால்
தோல் சுருங்கி மேலே வருகிறது.
எவ்செபியோ சுரண்டுகிறான், நான் வழிக்கிறேன்.
பேச்சென்று பார்த்தால்:
வாளி. துணி. ஜன்னலைத் திற.

தேய்மானத்துக்கு வெட்கம் கிடையாது.
அடுப்பின் முன்னால் ஒரு பிறை, அது நான்.
குளிர்பெட்டியின் முன்னால் வழுக்கை,
அது டென்வருக்குப் போய்விட்ட ரமீரோ.
அப்புறம் ஒரு ஒற்றையடிப் பாதை.
படுக்கையறையிலிருந்து கிளம்பவில்லை அது.
தையல் அறை வாசலில் தொடங்கி
நேரே காபி மெஷினுக்கு.
எத்தனை வருடம்!
குறட்டைக்காக என்றுதான்
எல்லோரிடமும் சொல்லியிருந்தோம்.

அவனும் பார்த்தான்.
சுரண்டியைக் கை மாற்றிக்கொண்டு
"இங்கே இன்னும் கொஞ்சம் ஊற்று" என்றான்.
ஊற்றினேன்.

மூன்றாம் நாள், சாப்பாட்டு மேசை இருந்த இடத்தில்
ஒரு நாயின் காலடி.
ஓடு பச்சையாய் வெயிலில் கிடந்தபோது
குறுக்கே போன எவர் வீட்டு நாயோ.
நான்கு விரல், ஒரு உள்ளங்கால்.
அடுத்த அடியைச் சுற்றுமுற்றும் தேடினேன், இல்லை.
அந்த ஓடு வேறு யார் வீட்டிலோ.

ஈரம் உள்ளிருக்கப் பூசினால்
தரைக்குக் கண்புரை விழும் என்றான் கடைக்காரன்.
பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் ஒட்டிவைத்தோம்.
காலையில் அடியில் வியர்வை.
மறுநாளும் வியர்வை.
"பொறு" என்றேன், யாரிடமென்று தெரியாமல்.

பூசுவதற்கு ஒரே விதிதான்:
பின்னோக்கி.
அவன் தையல் அறை மூலையிலிருந்து,
நான் படுக்கையறை மூலையிலிருந்து,
குனிந்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு
வந்துகொண்டிருந்தோம் இருவரும்.
எந்தக் கதவு வழியே வெளியேறுவதென்று
பேசிவைக்கவில்லை.

குதிகால் குதிகாலில் இடித்தது.
பூசாமல் மிஞ்சியது ஆறு ஓடு, ஒரு பின்கதவு.
"நீ போ."
"இல்லை, நீ."
கடைசியில் ஒரே கதவில் இரண்டு இடுப்பு,
நடுவே சொட்டும் தட்டு.

செருப்பு உள்ளே. வண்டிச் சாவி உள்ளே.
அவன் மூக்குக் கண்ணாடி உள்ளே, ஜன்னல் திட்டில்,
கையெட்டும் தூரத்துக்கு ஒரு சாண் அப்பால்.
நான்கு மணி நேரம் கால் வைக்கக் கூடாது.
பக்கத்துத் தெருவில் யாரோ பச்சை மிளகாய் வறுக்க
இருமிக்கொண்டே படியில் உட்கார்ந்தோம்.

"குறட்டைன்னு முதல்ல சொன்னது நீதான், நெலிடா."
"நான் சொல்லவே இல்லை."
"அப்போ நானா?"
யோசித்தோம். நிஜமாகவே
இருவருக்கும் ஞாபகமில்லை.

கண்ணாடி இல்லாமல் அவன் எட்டிப் பார்த்து
எப்படி வந்திருக்கிறது என்று கேட்டான்.
சொன்னேன்: பப்பாளி.
அந்த மூலையில் மட்டும் ஒரு முடி ஒட்டியிருக்கிறது,
யாருடையதென்று இங்கிருந்து தெரியவில்லை.

இன்னும் மூன்று மணி ஐம்பது நிமிடம்.