முப்பத்தைந்து தவணை

பாலரங்கபுரத்தில் கேட்டேன்:
முழுசையும் ஒரே நாளில் பாய்ச்சினால் என்ன,
எதற்கு முப்பத்தைந்து தடவை?
டாக்டரம்மா என் மஞ்சப்பையைப் பார்த்தார்.
உள்ளே நெல்பேட்டைத் தண்டல் நோட்டு.
"நீங்க ஏன் தினம் நூறு நூறா வாங்குறீங்க?"

மொத்தமாய்ப் பிடுங்கினால் கடையே சாயும்.
ஷட்டர் இறங்கிய பிறகு
யாரிடம் வசூல்?

வெந்நீரில் போட்டெடுத்த வலையை
முகத்தில் அழுத்தி அச்செடுத்தார்கள்.
அந்த முகத்துக்குள் என்னை வைத்து
மேசையோடு பூட்டிவிட்டு
ஜெசிந்தா கனத்த கதவைச் சாத்திப் போவாள்.
ஒன்றும் சுடாது. ஒரு ரீங்காரம், அவ்வளவுதான்.

வேலை ராத்திரியில் நடக்குமாம், தொண்டைக்குள்.
இழை அறுந்த நல்ல செல்
நின்று, கணக்குப் பார்த்து, முடிச்சுப் போட்டு
அப்புறம்தான் அடுத்ததைப் பெறும்.
கட்டிக்கு நிற்க நேரமில்லை.
அறுந்ததை அறுந்தபடியே
இரண்டாக்கி நாலாக்கிக் கவிழும்,
நாலு கிளை திறந்து ஓடிப்போன
சிம்மக்கல் செல்போன் கடைக்காரன் மாதிரி.

அதன் நடுவில் காற்றுப் புகாத மூலை ஒன்று.
அங்கே பதுங்கியதைக் கதிர் லேசில் தொடாது.
வெளி வரிசை சரியச் சரிய
உள்ளே ரத்தம் வரும், மூச்சு வரும்.
மூச்சோடு சேர்ந்து தவணையும் வரும்.

நல்லது தப்பித்ததென்று யாரும் சொல்ல வேண்டாம்.
மூன்றாம் வாரம் வாயெல்லாம் புண்.
கழுத்துத் தோல் தார் நிறம்.
பெருமாயி வடிகட்டித் தந்த கஞ்சி
மண் கரைத்த தண்ணீராய் இறங்க
"நல்லாருக்கு" என்றேன்.
அன்று அவள் உப்பே போடவில்லையாம்.

சனி ஞாயிறு மிஷினுக்கு லீவு.
நல்லது பூசி மெழுகிக்கொள்ளும்.
கெட்டதும் கொஞ்சம் தலைதூக்கும்.
"திங்கக்கிழமை வராம இருந்துராதீங்க"
என்பாள் ஜெசிந்தா,
நான் ஆயிரம் பேரிடம் சொன்ன அதே குரலில்.

தோல் உரிந்து புதுசாய் வந்துவிட்டது.
குரல், பாதி.
கட்டி போனதா என்று
ஸ்கேன் சொல்ல இன்னும் இரண்டு மாதம்.
எச்சில் மட்டும் திரும்பவில்லை.
அது வாராக்கடன் என்கிறார்கள்.

கருவாட்டுக் கடை சம்சுதீன்
இரண்டு நாள் தவணை கேட்கிறான்.
பக்கம் புரட்ட
விரலை நாக்கில் வைக்கிறேன், பழக்கத்தில்.
காய்ந்த விரல், காய்ந்த நாக்கு.
பாட்டில் மூடியைத் திறந்து
தண்ணீரில் தொட்டு
அவன் பெயர் இருக்கும் பக்கத்தைத் தேடுகிறேன்,
மெதுவாக.