ஆறு மீட்டர்

சலீமாவில், ஏரியிலிருந்து அரை மணி நேர நடை.
இரண்டாம் வகுப்பு. நூற்றுப் பதினான்கு பேர் தரையில்.
நான் கொண்டுபோனது
ஒரு டேப், ஒரு சார்ட்,
ஒரு கண்ணை மூடிக்கொள்ள பிளாஸ்டிக் கரண்டி.

சார்ட்டில் இருப்பது ஒரே எழுத்து, இங்கிலீஷ் ஈ.
நிற்கும், கவிழும், மல்லாக்கும், திரும்பிப் படுக்கும்.
அதன் மூன்று கால்களும் எந்தப் பக்கம் என்று
விரலைக் காட்டினால் போதும்.
அவர்களுக்குப் படிக்கத் தெரிய வேண்டாம்,
எனக்குச் சிச்சேவா தெரிய வேண்டாம்.
எஸ்நாத் டீச்சர் முதலில் தானே நின்று காட்டினார்,
கடைசி வரியில் தோற்றார்.
வகுப்பு சிரித்த சிரிப்பில்
மூலையில் படுத்திருந்த கோழி எழுந்து வெளியே போனது.

நாற்பத்தொன்றாவதாகத் தமந்தானி.
மேலே. கீழே. வலது. மறுபடி மேலே.
பொடி எழுத்துவரை ஒரு பிசகில்லை.
ஆறுக்கு ஆறு என்று எழுதிவிட்டேன்.
பிறகுதான் பார்த்தேன்,
வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற
சிஃபுனிரோவின் விரலை.
அது அவள் முதுகில் இருந்தது.

தெரியும் என்றார் டீச்சர்.
போன வருஷத்திலிருந்தே அப்படித்தான்.
போர்டில் நான் எழுதுவதை
அவன் அவள் முதுகில் எழுதுவான்,
அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள்.
வகுப்பிலேயே நல்ல கையெழுத்து அவளுடையது.

அவனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு
மறுபடி நிறுத்தினேன்.
ஆகப் பெரிய ஈ.
விரல் காற்றில் நின்றது.
தோளை ஒருமுறை பின்னால் அசைத்துப் பார்த்தாள்.
எழுதியதை அடித்தேன். பேனா தாளைக் கிழித்தது.

மூன்று வாரம் கழித்து லிலோங்வேயிலிருந்து கண்ணாடி வந்தது.
மைனஸ் ஐந்து, சிவப்பு பிரேம்.
போட்டதும் அவள் போர்டைப் பார்க்கவில்லை, திரும்பி அவனைப் பார்த்தாள்.
என்னவோ சொன்னாள்.
அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

அன்று கழித்தல் கணக்கு.
அவள் தானே பார்த்து எழுதினாள், வேகமாக.
அவன் கை கொஞ்ச நேரம் முழங்காலில் கிடந்தது.
அப்புறம் பையிலிருந்து நோட்டை எடுத்தான்.
மடிப்புக் கலையாத புது நோட்டு,
பெயர்கூட எழுதவில்லை.

நான் கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன்.
பக்கத்துக்கு ஒரு எண்தான் போட்டிருந்தான்,
அவள் முதுகின் அகலத்துக்கு.