இரண்டு விரல் இடைவெளி

விதைப் பொட்டலத்தின் மேல்
பனி இறங்கிய மலை.
கேணிக்கரைக் கடைக்காரர்
மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டார்,
"வேதாளையிலயா? காரட்டா?"
ஆமாம் என்றேன்.
இரண்டு வருசம் தோற்றதை
அவரிடம் எதற்குச் சொல்ல.

முதல் வருசம் நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டேன்,
கத்தரிக்குச் செய்வதுபோல.
காரட்டுக்கு அது ஆகாதாம்.
வேர்நுனி ஒருமுறை மடங்கினால்
அந்த மடிப்பிலேயே நின்றுவிடும்.
முடங்கிய சுண்டுவிரல்கள் பதினொன்று கிடைத்தன.
அடுத்த வருசம் ஆட்டுப்புழுக்கையை
மக்கவிடாமல் அப்படியே கொட்டினேன்.
ஆசைதான்.
ஒவ்வொன்றும் இரண்டு கால், மூன்று கால்,
உடம்பெல்லாம் மயிர்வேர்.
மகள் பெல்சி அவற்றைத் தாளில் வைத்து
கால்சட்டை வரைந்தாள்.

இந்தத் தடவை மழை விடட்டும் என்றிருந்தேன்.
வாடை திரும்பி
விடியலில் கொடிக்கயிறு சில்லென்றிருந்த அன்று
குளியலறைக்குப் பின்னால் எட்டடிக்கு நாலடி
முழங்கை ஆழம் தோண்டினேன்.
மண் என்றால் மணல்தான்.
நண்டுக் கம்பெனி கழித்துப்போட்ட சல்லடையில்
சலிக்கச் சலிக்க
சிப்பி, சங்கு உடைசல், தூண்டில் முள்,
வலையின் ஈயக்குண்டு,
யாருடையதோ ஒற்றைச் செருப்பின் வார்.
வேர் போகிற வழியில்
இத்தனை பேர் படுத்திருந்தார்கள்.

மக்கிய குப்பை இரண்டு சட்டி.
விதையோடு ஒரு கை மணல் கலந்து
மீனுக்கு மஞ்சள் தூவுவதுபோலத் தூவி
மேலே ஈரச் சாக்கு.

கிணறு உவர்.
வண்டித் தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய்.
காலையில் அரைக்குடம், மாலையில் அரைக்குடம்.
"சாக்குக்குத் தண்ணி ஊத்துற பொம்பளை"
என்று எனக்குப் பேர் வைத்தான்
வண்டிக்காரன் குமரய்யா.
பன்னிரண்டாம் நாள் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்.
பச்சை என்று சொல்லிவிட முடியாத ஒரு பச்சை,
நூல் நூலாக.

மூன்றாம் வாரம் கலைக்க வேண்டும்.
இரண்டு விரலுக்கு ஒன்று நிற்க
நடுவில் இருப்பதெல்லாம் போகவேண்டும்.
நோயில்லை, பூச்சியில்லை,
பக்கத்தில் முளைத்ததுதான் குற்றம்.
மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.
நாலாம் நாள் வேலை விட்டு வந்து
கம்பெனி இடுக்கியோடு உட்கார்ந்தேன்.
ஓட்டுத் துணுக்கு ஒட்டாமல்
நண்டுக்காலில் சதையை மட்டும் உருவி
கிலோவுக்குக் கூலி வாங்குகிற விரல்கள்.
ஒரு நூலை இழுக்கக் கூசின.
பத்துப் பதினைந்துக்குப் பிறகு
கூசவில்லை.
அதுதான் கொஞ்சம் பயமாயிருந்தது.
இருநூற்றுச் சொச்சம்.
ஒன்றை முகர்ந்தேன்.
நகக்கண்ணில் ஏறிய நண்டு வாடையை மீறி
அந்த மயிரளவு வேருக்குள்
முழுக் காரட்டின் மணம்.

தை பிறந்ததும் தோள்கள் தெரிந்தன.
வெயில் பட்டால் தோள் பச்சையாகும், கசக்கும்.
மணலை இழுத்து மூடினேன்.
காற்று எடுத்தது.
மூடினேன்.
காற்று எடுத்தது.

மாசிக் கடைசியில் நாற்பத்தாறு.
ஏறக்குறைய நேர்.
நிறம், படத்தைவிடக் கொஞ்சம் மங்கல்.
பெல்சி தண்ணீர்க் கணக்குப் போட்டாள்.
"ஒரு காரட் இருபத்து மூணு ரூவாம்மா.
உச்சிப்புளியில கிலோவே அறுபது."
தெரியும் என்றேன்.

மறுநாள் மதியச் சோற்றுக்கு
ஐந்து கொண்டுபோனேன்.
கம்பெனிக் குழாயில் கழுவிக் கடித்த
ஹமீதா
வெகுநேரம் மென்றாள்.
"உப்பே இல்லையேடி" என்றாள்,
குறை சொல்வதுபோல.

வரிசைக் கடைசியில் ஒன்றை மட்டும்
பிடுங்காமல் விட்டிருக்கிறேன்.
குளிரில்லாத ஊரில் அது பூக்காது,
விதை தராது என்கிறார்கள்.
பங்குனி வெயிலில்
இன்னும் ஓர் இலை விட்டிருக்கிறது.
சாக்கை உதறி
கொடியில் போட்டேன்.