இடக்கைக் குறடு

உல்ம் நகரம். பிப்ரவரி. டான்யூப் ஆற்றில்
உப்புப் படகுகள் உறைந்து நிற்கின்றன.
எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி.
செதுக்கக் கிடைத்தவளோ
பல்வலிக்காரர்களின் பாதுகாவலி,
அர்ச்சியசிஷ்ட அப்பொலோனியா.

ஓவியன் வெண்டல் உள்ளங்கை அகலப் பேரிமரப் பலகையில்
அவளை மையால் நிறுத்திவிட்டுப் போனான்.
ஒரு கையில் குருத்தோலை, சாட்சியாய்ச் செத்ததற்கு.
மறு கையில் குறடு,
குறட்டின் வாயில் ஒரு பல்.
அவனுக்கென்ன, ஒரே இழுப்பு.
அந்த இழுப்பைக் காப்பாற்ற
நான் இரண்டு பக்கமும் வெட்டவேண்டும்.
கத்தி தொடாத இடம்தான் கோடு.
அவள் மூக்கு, நான் விட்டுவைத்த மரம்.
அங்கியின் மடிப்புகள் ஒன்பதும்
முழங்காலருகே தூண்டில் முள்ளாய் வளைய
இரண்டு நாள் போயிற்று.

ஒளிவட்டம்தான் படுத்தியது.
முடியளவு கனத்தில் இரண்டு வளையம்.
நடுவே எல்லாவற்றையும்
தோண்டி எடுத்தேன், ஒரு பார்லிமணி ஆழத்துக்கு.
தாளில் அது வெளிச்சம்.
பலகையில் வெறும் குழி.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு.
வியாழக்கிழமை நாவிதன் எபர்லின்
முழங்காலை என் மார்பில் ஊன்றிப் பிடுங்கினான்.
அவன் குறட்டில் துருவும் பூண்டு நாற்றமும்.
அன்றிரவெல்லாம் நாக்கு
அந்தப் புதுப் பள்ளத்தைப் போய்ப் போய்ப் பார்த்தது,
ஒளிவட்டத்துக்குள் என் விரல் போனதுபோல.
வெளிச்சம் என்று சொல்ல வாய் வரவில்லை.
உப்புக் கரித்தது, அவ்வளவுதான்.

முதல் தாளை உரித்ததும்
வெண்டல் தலையில் அடித்துக்கொண்டான்.
மாறிவிட்டது. குறடு இடக்கையில்.
மறந்தது அவனா நானா என்று
இரண்டு குவளை பியர் தீரும்வரை வழக்கு.
நியாயத்தீர்ப்பில்
வெள்ளாடுகள் நிற்கும் பக்கமாயிற்றே அது,
யார் வாங்குவார்?

தோல் பதனிடும் தெரு வால்புர்கா
வழக்கு முடியக் காத்திருக்கவில்லை.
கன்னம் பூசணியாய் வீங்கி, ஒரு கண் மூடி,
காசை மேசைமேல் எறிந்துவிட்டு
மை காயாத தாளை அப்படியே
வீக்கத்தின்மேல் அழுத்தி
முந்தானைத் துணியால் தாடையோடு கட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் சந்தையில்
மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.
கட்டு இல்லை. கன்னத்தில்
தேய்த்தும் போகாத புகைக்கரி:
ஓலையின் நுனி, பாதி வளையம்,
வலக்கையில் குறடு.

வீக்கம்?
வீக்கம் அப்படியேதான் இருந்தது.
அதனால் அர்ச்சியசிஷ்டவளின் முகம்
நான் வெட்டியதைவிடக்
கொஞ்சம் சதைப்பற்றோடு
விலை அதிகம் என்று வால்புர்காவோடு சேர்ந்து
முறைத்துக்கொண்டிருந்தது.