நாலு துளை

ஸ்ரான்லி வீதியில், மருந்துக்கடைக்கு மேல்மாடி
எங்கள் ஒஃபிஸ். ஏழு கொம்பியூட்டர்,
கரண்ட் போனால் கத்துகிற யூபிஎஸ்.
எங்கோ ஒரு தேசத்தில் பகல் முடிகையில்
அவர்களின் வரைபடங்கள் இங்கே விடியும்.
பிரிட்ஜ் கதவின் பிணைச்சல், சக்கர நாற்காலியின் கால்தாங்கி,
போன மாசம் முழுக்க ஒரு மாட்டுப்பண்ணைப் பம்பி.

செவ்வாய்க்கிழமை வந்தது
ஒரு விவசாய விமானம்.
மருந்தடிக்கிறதாம். சோளக்காட்டுக்கு மேலே
பனையுயரத்தில் பறக்குமாம்.
முழு விமானமும் இல்லை. சிறகின் அடியில் பூட்டுகிற
உள்ளங்கை அகல உலோகத் துண்டு. நாலு துளை.
எடை குறைக்கவும், விலை குறைக்கவும்,
பலம் குறையக் கூடாது.
இந்த மூன்றையும் ஒருசேரக் கேட்காத வாடிக்கையாளன்
இன்னும் பிறக்கவில்லை.

மதுராங்கி பக்கத்து மேசையால் எட்டிப் பார்த்தாள்.
"வடிவாய்க் கிடக்கு அண்ணை, கேற்றுக்குப் பூட்டலாம்."

சுமையைப் போட்டுக் கணக்குப் பார்த்தேன்.
ஒரு துண்டுக்கு இருநூற்றைம்பது கிலோ.
நான் உரும்பிராய்த் தோட்டக்காரன் பிள்ளை,
வெங்காயத்துக்கு மருந்தடித்த தோள் இது.
மருந்து சொட்டும், முதுகை நனைக்கும்,
வரம்புக்கு வரம்பு குறைந்துகொண்டே போகும்.
இந்தச் சுமை குறையவேயில்லை.
கடைசிக் கணம்வரை முழுதாய் இருந்து
ஒரே தரத்தில் கழன்று பூச்சியமாகிறது.
வரைபில் அது
ஒரு செங்குத்துக் கோடு.

அந்தக் கோட்டை
நான் முன்னமே பார்த்திருக்கிறேன்,
கீழே இருந்து.

எண்பத்தாறில் அதற்குப் பெயர் சியாமா செட்டி.
இத்தாலியில் யாரோ
பறக்கப் பழகுகிறவர்களுக்காகச் செய்தது
எங்கள் வாய்க்குள் ஊர்ப்பெயர் ஆகிவிட்டது.
மலிவான விமானம். அதனால் மெல்ல வந்தது.
அதனால் திரும்பத் திரும்ப வந்தது,
காலமை, மத்தியானம், பிறகு
சோறு போட்டுக்கொண்டு இருந்த நேரம்.
எங்கள் பக்கமும் மலிவுதான்:
ஆறு தென்னங்குற்றி, சீலையில் தைத்த மண்மூட்டை.
மண்ணுக்கு ஒருவரும் காசு கேட்கவில்லை.

ஒருநாள் அது அவ்வளவு பதிந்து வந்ததில்
உள்ளே இருந்தவனின் தலை தெரிந்தது.
சந்திரகாசன் பங்கர் வாசலில் நின்று கை காட்டினான்.
அவனும் காட்டினவன் என்று
புத்தகத்தில் அடித்துச் சத்தியம் பண்ணினான்.
அது வைகாசி.
ஆனியில் வகுப்பில் அவன் வாங்கில்
நான் தனியே இருந்தேன்.

இந்தச் சுமை எது என்று மெயில் போட்டேன்.
'விபரக்கோவையின்படி' என்று பதில்.
வீட்டுக் கடன் எனக்கும் உண்டு, ஏழு பேருக்கும் உண்டு.
ஆனால் அதல்ல நான் சொல்ல வந்தது.

இரவு பதினொன்றரைக்கு
உள்வளைவை மூன்று மில்லிமீற்றர் கூட்டி,
வேலையில்லாத சதையை நடுவில் குடைந்து,
பதினெட்டு வீதம் எடை குறைத்தேன்.
பலம் குறையவில்லை. திரை முழுக்கப் பச்சை.
அப்போது என் உடம்பில்
ஒரு சந்தோசம் ஓடியதே,
அதைத்தான் சொல்ல வந்தேன்.

காலையில் பாராட்டு வந்திருந்தது:
துண்டுக்கு நாலரை டொலர் மிச்சம்.
மதுராங்கி எல்லாருக்கும் றோல்ஸ் வாங்கிவந்தாள்.
கடித்துக்கொண்டிருக்கையில்
பலாலியில் இறங்கப்போகும் சென்னை விமானம்
கூரைக்கு மேலால் போனது.
அவள் நிமிரவில்லை. இரண்டாயிரத்து மூன்றில் பிறந்தவள்,
விரலில் ஒட்டிய தூளை நக்கிக்கொண்டிருந்தாள்.
நானும் நிமிரவில்லை.
மேசைக்குக் கீழே குனிந்து என் கால்களைப் பார்த்தேன்.
இரண்டு குதிகளும்
நிலத்தை விட்டு எழும்பி
நின்றன.