சப்பாத்து

இன்பராணி விடியமுதல் அழைத்தாள்.
"சேர், கழுத்தைக் கோணிக்கொண்டு கிடக்குதுகள்,
தண்ணி குடிக்குதில்ல."
எத்தனை என்று கேட்டேன்.
எண்ணுகிற குரல் இல்லை அது.

வலையிறவுப் பாலத்தில் வேகம் குறைத்தேன்.
வாவியில் சிறகிகள் கறுப்பாய் மிதந்தன.
போன மார்கழி
இவற்றைக் காட்டத்தான் பிள்ளைகளைக் கூட்டிவந்தேன்.
ஒன்று மட்டும்
கண்ணா வேரில் தலை தொங்கச் சிக்கியிருந்தது.
அதைக் கிண்டிய காகத்துக்கு ஹோன் அடித்தேன்.
பறந்து
ஊருக்குள் போயிற்று.

கொட்டிலுக்குள் நானூற்றுப் பன்னிரண்டு.
கொண்டைகள் நாவற்பழத் தோல் நிறம்.
லோன் கட்டி முடிக்க இன்னும் பதினொரு மாதம்.
பஞ்சுக்குச்சியைத் தொண்டைக்குள் விட்டுச் சுழற்றி
குப்பிக்குள் ஒடித்துப் போட்டேன்.
ஐஸ்பெட்டி இரவு பஸ்ஸில் கண்டிக்குப் போகும்.
முடிவு வரும்வரை
ஒரு முட்டையும் படலை தாண்டக் கூடாது.
"மறுகா?" என்றாள்.

மறுகா என்ற சொல்லுக்கு
சுற்றறிக்கையில் பந்தி இல்லை.

வேலிக்கு வெளியே ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.
சிறகிதான் கொண்டு வந்தது, வெடி வைக்கவேணும்,
என்றார் ஒருவர்.
தீன் லொறி என்றார் இன்னொருவர்.
மூன்றாமவர் வாயை லேஞ்சியால் பொத்திக்கொண்டு
முட்டை என்ன விலைக்குப் போகும் என்று கேட்டார்.
எல்லோரும் வானத்தையே பார்த்தார்கள்.
நான் குனிந்து பார்த்தேன்.

போன செவ்வாய்
கன்னன்குடாவில் பத்துக் கோழி செத்ததென்று போயிருந்தேன்.
கூதல் என்று எழுதினேன்.
திரும்பும்போது மழை பிடித்தது.
அந்தச் சப்பாத்தோடேயே இங்கே ஒதுங்கி
இவள் தந்த பிளேன்ரீயைக் குடித்தேன்.
குழாயில் நீர் கசிகிறது என்றாள்,
உள்ளே போய்
இறுக்கியும் கொடுத்தேன்.

இன்று படலையடியில் வாளி நிறைய மருந்துத் தண்ணி.
அவளே கரைத்து வைத்திருக்கிறாள்,
நான் கொடுத்த கையேட்டின் அளவுப்படி,
ஒரு மூடி கூடவுமில்லை குறையவுமில்லை.
அடித்தோலின் வெட்டுகளுக்குள் இறுகிய மண்ணை
ஈர்க்கால் கிளறுகிறேன்.
"என்ன சேர், இவ்வளவு நேரம்?"

படிவத்தில், நோய் வந்த வழி என்ற இடத்தில்,
காட்டுப் பறவை என்று
ஏற்கெனவே அச்சடித்திருக்கிறது.
பக்கத்தில் ஒரு பெட்டி.
ஒரு புள்ளடி போட்டால் போதும்.