மைனஸ் 999

விளம்பரத்தில் இருந்தது:
காலநிலை இடர் மதிப்பீடு, பதினொரு மாதம்,
இயற்பியலிலோ புவியியலிலோ முதுகலை,
பைத்தான் தெரிந்தவர்க்கு முன்னுரிமை.
நீச்சலைப் பற்றி ஒன்றும் இல்லை.

அபிஷேகப்பட்டிப் பேருந்தில் நின்றுகொண்டே போய்
நின்றுகொண்டே திரும்பிய நேர்காணல்.
நூறாண்டு வெள்ளம் என்றால் என்னம்மா?
எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு, என்றேன்.
சரி, போன ஆண்டுதான் வந்துவிட்டது. இந்த ஆண்டு?
அதே நூற்றில் ஒன்று, சார்.
ஆறு முறைவாசல் பார்த்து வருவதில்லை.
சிரித்தார்கள். எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நான்கு மாதமும் பதிவேடுகள்.
பொதுப்பணித்துறை, ரயில்வே, மலைமேல் எஸ்டேட்,
காலை எட்டரை மணி மழை, அறுபது ஆண்டுக்கு.
கரையான் தின்ற ஐப்பசிகள்.
ஏழை ஒன்று போல எழுதிய ஒரு குமாஸ்தா
(அவருக்கு மாற்றலாகும்வரை எனக்குத் தலைவலி).
மழை பெய்யாத நாளுக்குப் பூஜ்யம்.
யாரும் அளக்காத நாளுக்கு
மைனஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
இரண்டையும் குழப்பினால் வெள்ளம் வறட்சியாகிவிடும்.

சீவலப்பேரிக்குக் கீழே ஒரு குளத்து மழைமானி.
அந்த மார்கழி ராத்திரிக்கு எதிரே எண் இல்லை.
நீல மையில்:
'பாட்டில் நிறைந்து வழிந்தது. அளவு தெரியவில்லை.
பூலம்மாள், லஸ்கர்.'

தேடிப் போனேன். முப்பத்தாறு வயதிருக்கும்.
வீட்டுக்காரர் இறந்து கிடைத்த வேலை.
"எழுதுனது தப்பா, மேடம்?"
தப்பில்லை என்றேன்.
சுற்றியிருந்த ஏழு மானிகளில்
அன்றைக்கு எண் போட்டிருந்தார்கள்;
ஏழும் ஐந்தில் முடிந்தன.

"மணிக்கொருக்கா ஊத்தி ஊத்தி அளந்தேன்.
ரெண்டு மணிக்கு மடை போவப்போவுதுன்னு ஆள் வந்துட்டு.
நான் அங்கன ஓடுவனா, இங்கன அளப்பனா?"
கொஞ்சம் கழித்து, "ஒரு அண்டா கெடந்துச்சு" என்றாள்.

யார் வீட்டுச் சடங்குக்கோ வாங்கி
திருப்பிக் கொடுக்காத அண்டா.
சாயங்காலம் முத்தத்தில் காலியாகக் கிடந்தது.
விடியும்போது விளிம்புக்கு நாலு விரல் கீழே தண்ணீர்.
ஓட்டுத் தண்ணி எதுவும் விழுந்துச்சா, பூலம்மா?
"ஓடே அன்னைக்குப் போயிட்டுல்லா."

விரல் யாருடையது என்று கேட்டு
அவள் விரலையே டேப் வைத்து அளந்தேன்.
வயிறு பெருத்த அண்டா, வாய் சிறுத்தது.
அடிகுழாயில் அவள் அடிக்க
நான் லிட்டர் லிட்டராக ஊற்றி எண்ணினேன்,
அந்த நாலு விரல் அடையாளம் வரைக்கும்.
வாய்ப்பரப்பால் வகுத்தால் மழை.
வந்த எண்ணை நம்பாமல் அண்டாவைக் கவிழ்த்து
மறுபடி முதலிலிருந்து.

அண்டா கருவியில்லையே, என்றார் பேராசிரியர்.
தாளைத் திருப்பித் தரவும் இல்லை.
இருக்கட்டும். தரக்குறி போடு: ஐயத்துக்குரியது.
ஐந்தில் முடிந்த ஏழுக்கும்
அந்தக் குறி கிடையாது.

பணம் தந்தது ஒரு காப்பீட்டு நிறுவனம்.
மைனஸ் 999 இருந்தவரை
அந்தத் தெரு வரைபடத்தில் வெளிர்மஞ்சள்.
அண்டாவை ஏற்றினேன். சிவப்பு.
சிவப்புக்கு எச்சரிக்கை முதலில் போகும்,
படகு முதலில் போகும்.
வீட்டுக்கடனும் முதலில் நிற்கும்.

நேற்று போன் செய்தாள்.
"ஓடு மேய லோனுக்கு எழுதிப் போட்டிருக்கேன், மேடம்.
ஒங்க கணக்கு முடிஞ்சிட்டா?"
இன்னும் இல்லை, என்றேன்.
வெள்ளிக்கிழமைதானே கடைசி நாள்.

இன்று வெள்ளி.
எண் சிவப்பாகவே இருக்கிறது, மாற்றவில்லை.
அதற்குப் பக்கத்தில் குறிப்புக்கு ஒரு சின்னக் கட்டம்.
அண்டா. நாலு விரல் குறைவு.
விரல் பூலம்மாளுடையது. அன்றைக்குக் கூரை இல்லை,
என்று அடித்தேன்.
இன்றைக்கும் இல்லை, என்று அடிக்கப் போனபோது
கட்டம் நிறைந்துவிட்டது.